கம்பெனிப் பெட்டியைத் திறந்தால்

கோயம்புத்தூரில் கணபதிப் பகுதியில், பம்பு இம்பெல்லர்களுக்கு வார்ப்புப் பேட்டர்ன் செய்து கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றை என் நண்பர் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறார். முன்பு மரக்கட்டையில் ஆசாரிகள் கையால் செதுக்கிய மாதிரிகளை இப்பொழுது கம்ப்யூட்டர் திரையில் வரைந்து யந்திரத்தால் குடைந்தெடுக்கிறார்கள். ஆகையால் அந்தப் பட்டறையில் லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் உள்ள முக்கியத்துவம், மூலையில் மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்புப் பெட்டிக்கும் உண்டு. அது புதிதாக வாங்கிய பெட்டி அன்று. பெங்களூரில் ஏதோ ஒரு பெரிய அலுவலகத்தில் சில ஆண்டுகள் உழைத்து, குத்தகைக் காலம் முடிந்ததும் நூற்றுக்கணக்கான தன் சகாக்களோடு மொத்தமாக விற்கப்பட்டு, தூசி தட்டித் துடைத்து மறுவிற்பனைக்கு வந்தது. 'கம்பெனி சிஸ்டம்' என்று இதைச் சொல்வார்கள். உதிரிப் பாகங்களைத் தனித்தனியே வாங்கிக் கடைக்காரர் பூட்டித் தருவது 'அசெம்பிள்டு'. ஆலையிலேயே முழுமையாகப் பூட்டி, மேலே நிறுவனத்தின் பெயரைப் பொறித்து அனுப்புவது கம்பெனி சிஸ்டம்.

சென்ற கோடையில் அந்தப் பெட்டிக்கு நண்பர் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பொருத்தினார். பெரிய வரைபடங்களைத் திரையில் சுழற்றிப் பார்க்கும்போது படம் விட்டு விட்டு நகர்ந்ததே அதற்குக் காரணம். கார்டு பொருத்திய அன்று எல்லாம் நன்றாகவே இருந்தது. மறுநாள் முதல், இம்பெல்லரின் முழு உருவத்தையும் திறந்து சுழற்றினால் திரை சட்டென்று கறுத்து, பெட்டி தானாக அணைந்து, மீண்டும் எழுந்தது. கடிதம் தட்டச்சு செய்தாலும் கணக்கு எழுதினாலும் நாள் முழுவதும் அமைதியாக ஓடும். பெரிய வேலையைக் கொடுத்தால் மட்டும் மயங்கி விழும். ஒரு கடையில் ரேம் கெட்டுவிட்டது என்றார்கள். இன்னொரு கடையில் மதர்போர்டு போய்விட்டது என்றார்கள். மூன்றாவது கடைக்காரர், இத்தனை வயதான பெட்டிக்குச் செலவு செய்வது வீண், புதியதே வாங்கிவிடுங்கள் என்று நல்லெண்ணத்தோடு சொன்னார். மூவரில் ஒருவரும் பெட்டியின் மூடியைக் கழற்றவில்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

மூடியைக் கழற்ற அஞ்சுகிற ஊரா இது? பைக்காராவில் 1932-இல் நீர்மின்சாரம் பிறந்து மலையிலிருந்து இறங்கி வந்த நாள் தொட்டு, நூற்பாலையும் கிணற்று மோட்டாரும் வார்ப்பாலையுமாக இந்தச் சீமையின் வாழ்க்கை மின்சாரத்தோடு பின்னிக் கிடக்கிறது. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்து மறுபடியும் பூட்டிய ஜி. டி. நாயுடு அவர்கள், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டதும், பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து 1937-இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டியதும் இந்த ஊர்க் குழந்தைகள் கேட்டு வளரும் வரலாறு. இன்றைக்கும் காயில் எரிந்துபோன மோட்டாரை எந்த விவசாயியும் தூக்கி எறிவதில்லை; வைண்டிங் கடைக்குத்தான் கொண்டு போகிறார். கம்ப்யூட்டர் என்று வந்தால் மட்டும் அந்த நம்பிக்கை நம்மை ஏன் கைவிட வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆதங்கம்.

மேஜைக் கம்ப்யூட்டர் என்பது பிறவியிலேயே திறந்து பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட சாதனம். ஐ.பி.எம். நிறுவனம் 1981-இல் தன் தனிநபர்க் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, பிறர் செய்த அட்டைகளையும் செருகிக்கொள்ளும்படி உள்ளே வரிசையாக இடம் விட்டு வைத்தது. அந்த ஒரு தாராளத்தினால்தான் உலகெங்கும் உதிரிப் பாகத் தொழில் ஓங்கி வளர்ந்தது. 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுத்திட்டத்தை வெளியிட்டு, மதர்போர்டில் திருகு துளைகள் எங்கே இருக்க வேண்டும், மின்சாரம் எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட்டாக வர வேண்டும் என்பதையெல்லாம் நிர்ணயம் செய்தது. அசெம்பிள்டு சிஸ்டம் இந்தத் திட்டத்தைப் பின்பற்றுகிறது. கம்பெனி சிஸ்டமோ பாதி பின்பற்றும், மீதியில் தன் வழியே போகும். ரேம், ஹார்ட் டிஸ்க், பிராசசர் ஆகியவை பெரும்பாலும் பொது அளவிலேயே இருக்க, மதர்போர்டின் வடிவம், மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்., காற்றாடியின் செருகி, முன்பக்கப் பொத்தானின் கம்பி ஆகியவை அந்தந்த நிறுவனத்தின் சொந்த அளவில் அமைந்துவிடுகின்றன. அலுவலக வேலைக்கு எவ்வளவு சக்தி வேண்டுமோ அவ்வளவுக்கே எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கச்சிதமாக நிர்ணயிப்பதும் அவர்கள் வழக்கம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அளவறிந்து தைத்த சட்டை நன்றாகத்தான் பொருந்தும். ஆனால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டிருப்பவருக்கு உடம்பு பருத்தால் முதலில் எந்தத் தையல் விடும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பெட்டியில் விட்ட தையல் எது? ஏட்டுக் கணக்கில் குற்றம் ஒன்றும் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் ஒட்டியிருந்த சீட்டு 280 வாட் என்றது. பிராசசருக்கு 65 வாட். செருகியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் கார்டு அதிகபட்சம் 75 வாட்டுக்கு மேல் இழுக்க அதன் விதி அனுமதிக்காது. போர்டு, டிஸ்க், காற்றாடி எல்லாவற்றுக்கும் தாராளமாக ஒரு 40 வாட் என்று வைத்தாலும் 180 வாட்டைத் தாண்டவில்லை. நான் மல்டிமீட்டரை எடுத்து, டிஸ்க்குக்குப் போகும் மஞ்சள் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 12.05 இருந்தது. சரியாகத்தானே இருக்கிறது என்று நான் மீட்டரை மடக்கப் போனபோது, பட்டறையில் வெகுகாலமாக மோட்டார் வைண்டிங் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் அருகில் வந்து நின்றார்.

"ஏனுங்க, சும்மா நிக்கிறப்போ வோல்டேஜ் பாத்தா என்னங்க தெரியும்? லோடு குடுத்துப் பாருங்க. தண்ணிக்குள்ள எறங்கினாத்தானுங்களே மோட்டாரோட சமாச்சாரம் தெரியும்!"

அந்த ஒரு வாக்கியத்தில் பரீட்சையின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருந்தது. மீட்டரின் முனைகளை மஞ்சள் கம்பியிலும் கறுப்புக் கம்பியிலும் பொருத்திவிட்டு, இம்பெல்லரின் படத்தைத் திறந்து சுழற்றினோம். 12.05 என்பது 11.8 ஆயிற்று, 11.5 ஆயிற்று, 11.2 என்று ஒரு கணம் காட்டியதும் திரை கறுத்தது. அளவுத்திட்டத்தின்படி 12 வோல்ட் கம்பியில் ஐந்து சதவீதம் வரை ஏறலாம், இறங்கலாம், அதாவது 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். அந்த எல்லையைத் தாண்டினால் பெட்டி என்ன செய்யும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ரேமும் மதர்போர்டும் நிரபராதிகள் என்பது தீர்ந்தது.

சீட்டில் 280 என்று எழுதியிருக்க, 180-க்கே அது ஏன் தளர்ந்தது? எஸ்.எம்.பி.எஸ். வேலை செய்யும் முறையைப் பார்த்தால் விடை கிடைக்கும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரம் விநாடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அலையின் உச்சத்தில் அது ஏறக்குறைய 325 வோல்ட். இதை நேரடியாக ஒரு டிரான்ஸ்பார்மரில் விட்டுக் குறைப்பதானால், பழைய ஸ்டெபிலைசரைத் தூக்கியவர்களுக்குத் தெரியும், இரும்பும் செம்புமாகப் பெரும் பாரம் வேண்டும். ஆனால் அலையின் வேகம் கூடக் கூட டிரான்ஸ்பார்மரின் அளவு சிறுத்துக்கொண்டே போகலாம் என்பது இயற்கை நமக்குக் கொடுத்திருக்கும் சலுகை. ஆகையால் எஸ்.எம்.பி.எஸ். முதலில் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி ஒரு பெரிய கெபாசிட்டரில் தேக்கிக்கொள்கிறது. பிறகு மின்னணுச் சாவி ஒன்றினால் அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடித் துண்டு துண்டாக வெட்டுகிறது. அந்த அதிவேக அலையைத் தீப்பெட்டி அளவுள்ள டிரான்ஸ்பார்மரில் செலுத்திக் குறைத்து, மறுபுறம் மீண்டும் கெபாசிட்டர்களில் தேக்கி, அலையடங்கிய 12 வோல்ட்டாக வெளியே விடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும், தோட்டத்துத் தொட்டி நிறைந்திருந்தால் மடையில் ஒரே சீராகப் பாயும் அல்லவா? கெபாசிட்டர் அந்தத் தொட்டி.

அந்தத் தொட்டி காலப்போக்கில் வற்றிப் போகிறது. அலுமினியச் சுருளுக்கு இடையில் ஈரமான ரசாயனத் திரவத்தை வைத்து மூடிய உருளைதான் இவ்வகைக் கெபாசிட்டர். உஷ்ணத்தில் அந்த ஈரம் மெல்ல மெல்ல அடைப்பின் வழியே கசிந்து ஆவியாகிறது. உஷ்ணம் பத்து டிகிரி குறைந்தால் இதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், பத்து டிகிரி கூடினால் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் பொதுக் கணக்கு. குளிர்சாதன அறையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, தகரக் கூரையின்கீழ் சித்திரை வெயிலில் இரண்டு கோடைகளைக் கழித்த ஒரு பெட்டியின் தொட்டிகள் எவ்வளவு வற்றியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். சும்மா இருக்கும்போது மடையில் தண்ணீர் வரும். அவசரமாகக் கேட்டால் வராது. இதே நோய் மதர்போர்டிலும் உண்டு. 1999 முதல் ஏழெட்டு ஆண்டுகள் உலகெங்கும் உற்பத்தியான போர்டுகளில் பழுதுள்ள கெபாசிட்டர்கள் கலந்துவிட்டதால், தலை உப்பி, உச்சி வெடித்து, பழுப்புத் திரவம் வடிந்த கெபாசிட்டர்களை அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் கூடை கூடையாகப் பார்த்திருக்கிறார்கள். அதனால் பெட்டியைத் திறந்தவுடன், கையில் எதையும் எடுப்பதற்கு முன், டார்ச் அடித்து கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் தேர்ச்சியில்லாதவர் திறக்கக் கூடாது. வயரைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெபாசிட்டரில் முன்னூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அது உயிருக்கு அபாயம்.

ஆகவே பழுது பார்ப்பதை விட்டு, வேறொன்று மாற்றுவதென்று தீர்மானித்தோம். அங்கேதான் கம்பெனி சிஸ்டத்தின் சொந்த அளவு குறுக்கே வந்தது. கடையில் விற்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மதர்போர்டுக்குப் போகும் செருகிக்கு இருபத்து நான்கு ஊசி. நம் பெட்டியில் அதைவிடச் சிறிய செருகி. பொது அளவில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று மூன்று வகை மின்சாரமும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்தே வரும், இத்தகைய பெட்டிகளிலோ 12 வோல்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றவற்றை மதர்போர்டே தனக்குள் செய்துகொள்கிறது. இது நல்ல யோசனைதான். வீணாகும் சக்தி குறைகிறது. இன்டெல் நிறுவனமே பிற்பாடு இதை ஒரு பொதுத் திட்டமாக வெளியிட்டது. ஆனால் மாற்றுவோர் இதை அறியாமல் கை வைத்தால் விபரீதம். 1990-களின் பிற்பகுதியில், பார்வைக்குப் பொது அளவைப் போலவே இருந்து, உள்ளே கம்பிகளின் வரிசை மட்டும் மாறியிருந்த செருகிகளோடு சில பெட்டிகள் விற்பனையாயின. செருகி கச்சிதமாகப் பொருந்தியதை நம்பிப் பொத்தானை அழுத்தியவர்கள் மதர்போர்டை இழந்தார்கள். பொருந்துகிறது என்பது வேறு, பொருத்தம் என்பது வேறு. எனவே பெட்டியின் மாடல் எண்ணையும் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் அச்சிட்ட பாக எண்ணையும் குறித்துக்கொண்டு, அந்த மாடலுக்கென்றே விற்கும் கன்வெர்ட்டர் கேபிளை வரவழைத்தோம். புதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பெட்டியில் பூட்டுவதற்கு முன், அதன் இருபத்து நான்கு ஊசிச் செருகியில் பச்சைக் கம்பியையும் பக்கத்துக் கறுப்புக் கம்பியையும் ஒரு சிறு வயரால் இணைத்தோம். பச்சைக் கம்பி என்பது 'விழித்துக்கொள்' என்று மதர்போர்டு சொல்லும் வழி. காற்றாடி சுழன்றது, வோல்ட் சரியாக இருந்தது. பிறகு பூட்டி, இம்பெல்லரைச் சுழற்றினோம். மீட்டர் 11.95-க்குக் கீழே இறங்கவேயில்லை. வைண்டிங் பெரியவர் அந்த எண்ணைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தம் வேலைக்குப் போனார்.

உஷ்ணத்தைப் பற்றிச் சொன்னேன். சோமனூர்ப் பக்கத்தில் விசைத்தறி வைத்திருக்கும் என் மைத்துனர் வீட்டுக் கம்ப்யூட்டர் இன்னொரு பாடம் கற்பித்தது. "மாப்ள, சிஸ்டம் ரொம்ப வயசாயிருச்சுங்க, ஆமையாட்டம் நகருது" என்று அவர் சொன்னார். காலையில் முதல் பத்து நிமிஷம் மட்டும் வேகமாக இருந்து, அதன்பின் மந்தமாகிறது என்பதைக் கேட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. முதுமை காலையில் பத்து நிமிஷம் விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை. மூடியைக் கழற்றினேன். பிராசசரின் மேலிருக்கும் அலுமினிய இதழ்களுக்கும் காற்றாடிக்கும் இடையில், பஞ்சுத் தூசி படிந்து படிந்து, வெள்ளைக் கம்பளித் துண்டு ஒன்றைக் கத்தரித்து வைத்தாற்போல் ஒரே தகடாக உறைந்திருந்தது. விரல் நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பினேன். முழுவதும் ஒரே படலமாக உரிந்து கையோடு வந்துவிட்டது. அதில் தறியில் ஓடிய நூலின் நீல இழைகள் கூடத் தெரிந்தன.

காற்று புக வழியில்லாத பிராசசர் என்ன செய்யும்? எரிந்து போகாது, தன்னைத் தானே காத்துக்கொள்ளும். சிப்பின் உள்ளேயே உஷ்ணத்தை அளக்கும் உணர்விகள் உண்டு. நூறு டிகிரியை ஒட்டியதும் தன் துடிப்பைக் குறைத்துக்கொண்டு, மெதுவாக வேலை செய்து, சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதைத்தான் என் மைத்துனர் முதுமை என்று எண்ணினார். தூசியை அகற்றி, காய்ந்து சுண்ணாம்பாகிவிட்ட பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, கடுகைவிடச் சற்றே பெரிதாகப் புதிய பேஸ்ட்டை நடுவில் வைத்து மூடினேன். பேஸ்ட்டை வெண்ணெய்போல் அப்புவது தவறு. இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அந்தப் பள்ளங்களை நிரப்புவது மட்டுமே பேஸ்ட்டின் கடமை. செலவு ஒரு சிறு டியூப். பெட்டி அன்று முதல் பழைய வேகத்துக்குத் திரும்பியது.

நம் ஊர்ப் பட்டறைகளில் எல்லாம் ஏர் கம்ப்ரசர் இருப்பதால், கம்ப்யூட்டர் தூசியையும் அதனாலேயே அடித்துவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. அந்தக் காற்றின் அழுத்தம் இந்த வேலைக்கு மிக அதிகம். டேங்கில் சேர்ந்த தண்ணீரும் எண்ணெயும் கூடவே பீறிட்டு வரும். கையடக்கமான ப்ளோயரும் மிருதுவான பெயிண்ட் பிரஷும் போதும். அப்பொழுதும் காற்றாடியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் கொடுத்தால் மோட்டார் சுழலும். மோட்டாரைச் சுழற்றினால் அது மின்சாரம் கொடுக்கும் என்பது மோட்டார் செய்யும் ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெறித்தனமாகச் சுழலும் சிறு காற்றாடி தன் கம்பி வழியே மதர்போர்டுக்குள் மின்சாரத்தைத் திருப்பித் தள்ளக்கூடும். அதன் பேரிங்கும் கெடும். நிலைமின்சாரத்தையும் மறக்கக் கூடாது. காற்று வறண்டால் நூலில் மின்னேற்றம் சேர்ந்து இழை பிரிந்து அறுகிறது என்பதனால் நூற்பாலைகளில் ஈரப்பதத்தைக் கவனமாகக் காக்கிறார்கள் அல்லவா? அதே மின்னேற்றம் நம் உடம்பிலும் சேர்கிறது. சுமார் மூவாயிரம் வோல்ட் இருந்தால்தான் நம் விரல் அதை உணரும். சிப்பைக் கெடுக்க அதில் பத்தில் ஒரு பங்கே அதிகம். கை வைப்பதற்கு முன் பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டுக்கொண்டால் அந்த மின்னேற்றம் இறங்கிவிடும்.

கம்பெனி சிஸ்டம் வைத்திருப்பவர் எந்த மாற்றத்தை முதலில் செய்யலாம் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள் என்பேன். நிமிஷத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் தட்டு ஒரு முறை சுற்றி வர 8.3 மில்லிவிநாடி ஆகிறது. வேண்டிய இடம் முள்ளின்கீழ் வருவதற்குச் சராசரியாக அதில் பாதி காத்திருக்க வேண்டும். முள் நகரும் நேரம் தனி. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. மில்லிவிநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் விஷயம் கைக்கு வந்துவிடுகிறது. மின்சாரமும் குறைவாகவே இழுப்பதால், நாம் பார்த்த தையல் பிரச்சினை இதில் எழுவதே இல்லை. ரேமைக் கூட்டுவது இரண்டாவது. டி.டி.ஆர். 3, 4, 5 என்று தலைமுறைக்குத் தலைமுறை வெட்டுத் தடம் வேறு வேறு இடத்தில் இருப்பதால், ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழையாது. நுழையாததை அழுத்தக் கூடாது. ஒரே அளவில் இரண்டு துண்டாகப் போட்டால் பிராசசருக்கு இரண்டு பாதைகளும் திறக்கும்.

இனி, 'டிஸ்பிளே வரலீங்க' என்னும் நோய். காற்றாடி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றும் இல்லை. பழைய ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறக் காலை பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மறுபடி பொருத்தும் வைத்தியத்தை நம் ஊர்க் கடைகள் எல்லாம் அறியும். பத்தில் பாதி அதிலேயே குணமாகும் என்பது என் அனுபவம். குணமாகாவிட்டால்தான் அறிவுக்கு வேலை. பெட்டியை விட்டு எவற்றையெல்லாம் பிரிக்க முடியுமோ, அவற்றையெல்லாம் பிரித்துவிட வேண்டும்: டிஸ்க், கார்டு, கீபோர்டு, ஒரு ரேம் துண்டைத் தவிர மற்றவை. எஸ்.எம்.பி.எஸ்., போர்டு, பிராசசர், ஒரே ரேம். இவ்வளவு மட்டும் இருக்க எழுகிறதா என்று பார்க்க வேண்டும். எழுந்தால், ஒவ்வொன்றாகச் சேர்த்து, எதைச் சேர்த்தபோது விழுந்தது என்று கண்டுபிடிக்கலாம். எழாவிட்டால் குற்றவாளி நால்வரில் ஒருவர். ரேமை மாற்றி வைத்தால் மூவர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்ற விரதத்தை நான் ஒருபோதும் மீறுவதில்லை. இரண்டை ஒருசேர மாற்றிச் சரியானால் வேலை முடிந்ததே தவிர, விஷயம் தெரிந்ததில்லை. நல்ல பாகம் ஒன்று கெட்டதென்ற பழியோடு குப்பைக்குப் போகும். கம்பெனி சிஸ்டம் இங்கே நமக்கு உதவியும் செய்கிறது: முன்விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது, எத்தனை 'பீப்' ஒலிக்கிறது என்பதற்கெல்லாம் அந்தந்த மாடலின் கையேட்டில் பொருள் எழுதியிருக்கும். காற்றாடியை வேறு வகையில் மாற்றினால், 'காற்றாடி பழுது' என்று ஒவ்வொரு நாளும் நிறுத்தி வைத்து எஃப் 1 பொத்தானை அழுத்தச் சொல்லும் பெட்டிகளும் உண்டு. அது நோயன்று, அந்த நிறுவனத்தின் செருகி வேறு என்பதே.

ஒரு சிறு செல் செய்யும் தொல்லையைக் கேளுங்கள். மதர்போர்டில் பொத்தானைப் போல் ஒட்டியிருக்கும் லித்தியம் செல்லுக்கு 2032 என்று பெயர். குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர் என்பதையே அந்த எண் சொல்கிறது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. அது தீர்ந்தால் பெட்டி ஒவ்வொரு காலையும் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியில் விழிக்கும். வங்கித் தளமும் ஜி.எஸ்.டி. தளமும் தம் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்றிருப்பதால், பழைய தேதியில் இருக்கும் பெட்டி அவற்றைப் பொய்ச் சான்று என்று நினைத்துத் திறக்க மறுத்துவிடும். இன்டர்நெட் கெட்டுவிட்டதென்று தவித்தவர்கள் பலரை நான் அறிவேன். பழுது, திரையின் மூலையில் தேதியாக எழுதி நிற்கும்.

பெட்டி சரியாக இருந்தும் அதைத் துறக்கச் சொல்லும் சந்தர்ப்பம் ஒன்று அண்மையில் வந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதலான பிராசசரும் வேண்டும் என்கிறது. அதற்கு முந்தைய பெட்டிகள் ஆயிரக்கணக்கில் நம் பட்டறைகளிலும் டியூஷன் வகுப்புகளிலும் இருக்கின்றன. கணக்கும் கடிதமும் பாடமுமே வேலையாக இருப்பவர்கள் லினக்ஸைப் போட்டுக்கொண்டு இன்னும் பல ஆண்டுகள் அவற்றை ஓட்டலாம் என்பது என் திடமான அபிப்பிராயம்; செம்பும் பொன்னும் ஈயமும் கலந்த ஒரு சாதனத்தை, அது உயிரோடு இருக்கும்போதே குப்பைமேட்டில் போடுவது எனக்குப் பாவமாகவே படுகிறது.

கணபதிப் பட்டறையில் எஸ்.எம்.பி.எஸ். மாற்றிய மறுவாரம் நண்பர் மீண்டும் அழைத்தார். பெட்டியைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறதாம். புதிய எஸ்.எம்.பி.எஸ். லீக் ஆகிறது என்று பட்டறையில் ஒருமித்த தீர்ப்பு ஆகியிருந்தது. டெஸ்டரை வைத்தேன், மங்கலாக எரிந்தது. ஆனால் அது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பழுது அன்று. ஒவ்வொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலிலும், அதிவேக அலைகளின் இரைச்சல் வெளியே போகாமல் தடுப்பதற்காக, பேஸ் கம்பிக்கும் பெட்டிக்கும் இடையில் ஒன்றும் நியூட்ரலுக்கும் பெட்டிக்கும் இடையில் ஒன்றுமாக இரண்டு சிறு கெபாசிட்டர்கள் வைக்கிறார்கள். எர்த் இருந்தால் அவற்றின் வழியே வரும் சொற்ப மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால், 230 வோல்ட்டுக்கும் சுழிக்கும் நடுவில் பெட்டி அதில் பாதி வோல்டேஜில் மிதக்கும். ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் என்பதால் அது கொல்லாது. ஆனால் பிரிண்டர் கேபிளைச் செருகும்போது இரண்டு பெட்டிகளின் மிதப்பும் வேறுபட்டிருந்தால் போர்ட் போய்விடும். உண்மையான பழுது ஒன்று வரும் நாளில் காப்பதற்கும் ஒன்றுமில்லை.

பிளக்கின் மூன்றாவது ஊசியைச் சோதித்தோம். சுவரில் எர்த் இல்லை. கம்பியைப் பின்தொடர்ந்து பட்டறையின் பின்புறம் வேப்பமரத்தடிக்குப் போனோம். எர்த் குழியின் மேல் மூடியிருந்த கல்லை நகர்த்தியபோது, கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழாயின் கழுத்தில், கம்பியைப் பிடித்திருக்க வேண்டிய போல்ட்டு அதே உப்பினால் அரிக்கப்பட்டு இரண்டாக விண்டு கிடந்தது. கம்பி துருப்பொடியின் மேல் சும்மா படுத்திருந்தது. எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ! வைண்டிங் பெரியவர் குழாயின் கழுத்தை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, கம்பியின் நுனியைச் சுரண்டி, புது போல்ட்டும் வாஷரும் போட்டு ஸ்பானரால் இறுக்கினார். நான் உள்ளே போய் டெஸ்டரைப் பெட்டியின் மேல் வைத்தேன்.

"எரியலைங்க!" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தேன்.

"மண்ணு காஞ்சு கெடக்குதுங்க" என்றார் அவர் பதிலுக்கு. பிறகு தொட்டியிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் மொண்டு வந்து, குழிக்குள் மெதுவாக ஊற்றினார்.